புதன்கிழமைப் பக்கம்

கதவு திறந்திருக்கும்போது மின்தூக்கி நகரக்கூடாது. செவ்வாய்க்கிழமை மாலை அது நகர்ந்தது. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய ஒரு பெண்ணின் கை முறிந்தது. அந்தக் கண்ணாடிக் கட்டடத்து மின்தூக்கியைக் கடைசியாகப் பராமரித்தவன் பராமரிப்பு நிறுவன முதலாளியின் மூத்த மகன் என்பதால், பழி நேராக வந்து அவன் தோளில் உட்கார்ந்துகொண்டது. புதன்கிழமை இரவிலிருந்து அவன் தன் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சென்ற வாரம் அவர்களை இந்த நிலையில்தான் விட்டுவந்தோம். புதிதாகச் சேர்ந்துகொள்வோருக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பிற்பகலில் விசாரணை.

மூத்தவன் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் காப்பியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் அதைப் பார்க்கவில்லை.

“ஆறிடும்.”

அவன் அடுத்த காலுறையை எடுத்தான்.

“மத்தியானம் எந்தச் சட்டை போட்டுக்கப்போறீங்க?”

“இதேதான்.”

“காலர்ல கிரீஸ் இருக்கே.”

“இருக்கட்டும். குத்தவாளி யாருன்னு அவங்க தேட வேண்டாம் பாரு. பார்த்த உடனே தெரிஞ்சுடும்.”

“என்மேல கோபம்னா நல்லாத் திட்டிடுங்க. ரெண்டு நாளா எனக்குச் சுவத்துகிட்டப் பேசுற மாதிரி இருக்கு.”

“சுவர் தேவலை. ‘உங்களுக்கு ஞாபகப் பிசகு’ன்னு அது சொல்லாது.”

அந்தச் சொற்கள் அவளுடையவையே. புதன்கிழமை இரவு, இதே கூடத்தில், கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டி அவன் கதறாத குறையாகக் கேட்டபோது அவள் சொன்னவை.

மின்தூக்கியை நிறுத்திப் பிடிப்பது பிரேக். அதன் லைனிங் என்னும் உள்பட்டை தேயத் தேயப் பிடி தளரும். எந்த அளவுக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது நிறுவனத்தின் வலைப்பக்கத்தில் எழுதியிருக்கும். இரண்டு மில்லிமீட்டர் என்றே அவன் படித்திருந்தான். அளந்தான், இரண்டரை இருந்தது. ‘இரண்டரை’ என்று அறிக்கையில் ஒளிவுமறைவின்றி எழுதிக் கையெழுத்தும் இட்டான். விபத்துக்கு மறுநாள் இரவு கைப்பேசியைத் திறந்து பார்த்தால், அதே பக்கத்தில், அதே வரியில், மூன்று என்றிருந்தது. மூன்று என்றால் அவன் அளந்துபார்த்தும் அலட்சியமாக விட்டவன் ஆகிறான்.

“உங்களுக்கு ஞாபகப் பிசகா இருக்கும்” என்று அப்போது சொன்னவள், இப்போது தரையைப் பார்த்தாள்.

“அந்தப் பக்கத்தை என் போன்ல மாத்தி வச்சது நீ” என்றான் அவன், ஷூவைத் தேடிக்கொண்டே.

“ஆமா. வாராவாரம் மாத்துறேன். அது என் வேலை.”

“வாராவாரம் சனிக்கிழமை மாத்துவே. இந்த வாரம் மட்டும் புதன்கிழமை மாத்தியிருக்கே. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள.”

கதவு சாத்தப்பட்ட ஓசை கேட்டது. காப்பி ஆறிப்போயிற்று.

*

பெரியவர் தொடங்கி நடத்திவரும் அந்த நிறுவனம் மின்தூக்கிகளைப் பொருத்தவும் பராமரிக்கவும் செய்வது. மூத்த மகன் கருவிப்பையோடு கட்டடம் கட்டடமாக ஏறியிறங்குபவன். இளைய மகன் கண்ணாடி அறையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களையும் வலைத்தளத்தையும் பார்த்துக்கொள்பவன். மூத்தவனின் மனைவியான இவள்தான் அலுவலகத்தின் அச்சாணி.

அவள் நாள் முழுவதும் செய்யும் வேலைகளில் பாதி, வலைப்பக்கங்களைப் பி.டி.எஃப். ஆக்குவது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது விளையாட்டாகத் தோன்றும். மொட்டைமாடி இயந்திர அறைகளிலும் மின்தூக்கிக் குழிகளிலும் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அங்கே தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு வலைத்தளம் இருந்தும் இல்லாததுதான். ஆகவே ஒவ்வொரு வகை மின்தூக்கிக்கும் உள்ள குறிப்புப் பக்கங்களைச் சனிக்கிழமைதோறும் பி.டி.எஃப். ஆக்கி, மெக்கானிக்குகளின் கைப்பேசிகளில் அவளே ஏற்றிவிடுவாள்.

கட்டட உரிமையாளர்களுக்கு அனுப்பும் விலைப்பட்டியலும் அப்படியே. வலைப்பக்கமாக அனுப்பினால் ஒருவர் கைப்பேசியில் படம் தெரியும், இன்னொருவர் கைப்பேசியில் எழுத்து சிதறும், பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் எல்லாருக்கும் ஒரே முகம். ஒப்பந்த அறிவிப்புகள் கடைசித் தேதி கடந்ததும் வலைத்தளத்திலிருந்து மாயமாகிவிடும். அறிவிப்பு வந்த நாளிலேயே எடுத்து வைத்துக்கொள்வாள். வாடிக்கையாளர் வலைத்தளத்தில் எழுதும் புகாரையும் எழுதிய வடிவிலேயே எடுத்து வைப்பாள். பின்னால் எவரும் ‘நான் அப்படி எழுதவே இல்லையே’ என்று கண்ணைச் சிமிட்ட முடியாது.

வலைப்பக்கம் கரும்பலகை போன்றது. எழுதியவன் நினைத்த நேரத்தில் துடைத்துவிட்டு வேறு எழுதலாம். முன்பு என்ன இருந்தது என்று கேட்பவனுக்குச் சாட்சி இராது. இதை நன்றாக அறிந்தவள் அவள்.

ஆனால் சொந்த நிறுவனத்தின் பக்கங்களுக்கு மட்டும் அவள் வேறொரு சட்டம் போட்டிருந்தாள். பழையது எவர் கைப்பேசியிலும் இருக்கக்கூடாது. ஒருமுறை ஒரு மெக்கானிக் பழைய மின்கம்பி வரைபடத்தைப் பார்த்து இணைத்துவிட்டு, புருவம் கருகத் தப்பி வந்தான். அன்றிலிருந்து புதிய கோப்புக்கும் பழைய கோப்பின் பெயரையே வைத்தாள். புதியது ஏறியவுடன் பழையது தானாக மறையும். எவனாவது வேறு பெயரில் ஒளித்து வைத்திருந்தால், கைப்பேசியை வாங்கித் தன் கையாலேயே அழிப்பாள். அலுவலகக் கணினியின் குப்பைத்தொட்டியையும் மாலையில் காலி செய்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

ஊரார் பக்கங்களையெல்லாம் பத்திரப்படுத்தியவள், தன் வீட்டுப் பக்கத்தை வாரந்தோறும் அழித்தாள். வீட்டில் உள்ளவன் ஏமாற்றமாட்டான் என்னும் நம்பிக்கைதான் அதற்குக் காரணம். அந்த நம்பிக்கையைத்தான் ஒருவன் படிக்கட்டாக்கி மிதித்து ஏறியிருக்கிறான்!

அலுவலகத்துக்கு வந்ததும், அந்த மின்தூக்கிக்கு உரிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அது எடுக்கப்பட்ட தேதி சிறிய எழுத்தில் இருந்தது. கதவுப் பக்கம், சனிக்கிழமை. கம்பிவடப் பக்கம், சனிக்கிழமை. பிரேக் பக்கம் மட்டும் புதன்கிழமை.

புதன்கிழமை காலையில் கொழுந்தன் தொலைபேசியில் சொன்னது நினைவுக்கு வந்தது: “அண்ணி, அந்தப் பிரேக் பக்கத்துல படம் மங்கலா இருக்குன்னு வேற படம் போட்டிருக்கேன். அதை மட்டும் புதுசா எடுத்து எல்லார் போன்லயும் ஏத்திடுங்க. அண்ணன் போன்ல முதல்ல.”

படத்தைப் பார்த்தாள். அதே மங்கல் படம்.

*

“என்ன தங்கச்சி, இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே? என் போனைப் பிடுங்க இன்னும் ஒரு நாள் இருக்கே!”

உள்ளே வந்தவர் ‘ஸ்பேனர்’. தூங்கும்போதும் இடுப்பில் ஸ்பேனர் இருக்கும் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மெக்கானிக்குகளில் வயதில் மூத்தவர்.

“அண்ணே, கண்ணாடிக் கட்டடத்து லிஃப்ட். அதோட பிரேக் பக்கம். பழசு உங்ககிட்ட இருக்கா?”

“பழசா? உன் ராஜ்ஜியத்துலயா? உனக்குப் பயந்து என் கல்யாண போட்டோவையே அழிச்சிட்டேன். அதுவும் பழசுதானேன்னு.”

அவள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

“அதுல என்ன எண் இருந்துச்சுண்ணே?”

ஸ்பேனர் ஒருமுறை கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தார். குரல் இறங்கிற்று. “ரெண்டு.”

“நிச்சயமா?”

“அதே வகை லிஃப்ட் நாலை நான் பார்த்துக்கறேன். எனக்குத் தெரியாதா? புதன்கிழமை சாயங்காலம் திறந்தா மூணுன்னு இருக்கு. நாலுலயும் லைனிங்கை நேத்தே மாத்திப் போட்டுட்டேன். ஏன் மாறிச்சுன்னு கேட்கலை. கேட்டா நல்லதில்லைன்னு தோணிச்சு.”

“மத்தியானம் வந்து இதைச் சொல்லுங்கண்ணே. இவ்வளவுதான். ஒரு வார்த்தை.”

ஸ்பேனர் பையை ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாற்றினார்.

“உன் புருஷன் வயசுல சின்னவன். இருந்தாலும் இந்தக் கைக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது அவன்தான். எனக்கு மறக்கலை தங்கச்சி.”

“அப்போ வருவீங்க.”

“வேலைக்கு வா, வராதேன்னு சொல்றது உன் கொழுந்தன்.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ரெண்டு பொண்ணுக்கும் இன்னும் படிப்பு முடியலை.”

தொழில் கற்றுக்கொடுத்தவனுக்கு ஒரு வார்த்தை கொடுக்க முடியாதவர், வாசலில் கழற்றிய செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு போனார்.

*

“வாங்க அண்ணி! உட்காருங்க. ஏசியைக் கூட்டட்டுமா?”

“புதன்கிழமை படம் மாத்தினேன்னு சொன்னே. எந்தப் படம்?”

இளையவன் சுழல்நாற்காலியை நிறுத்தினான்.

“பழைய படம்தான் இருக்கு தம்பி. எண்ணுதான் மாறியிருக்கு.”

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். சாத்திய விதத்திலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

அவள் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது அவன் பள்ளிச் சீருடையில் இருந்தான். அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவள் அவள். தப்பாய்ப் போட்ட கணக்கை அழித்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் நோட்டை நீட்டும் அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். இப்போதும் அதே முகம்தான்.

“போன வருஷம் அந்தப் பக்கத்தை நான் புதுசா எழுதலை அண்ணி. நேரம் இல்ல. சின்ன லிஃப்டோட பக்கத்தை அப்படியே நகல் எடுத்து, பேரையும் படத்தையும் மாத்தினேன். சின்னதுக்கு ரெண்டு, பெருசுக்கு மூணு. அதை மட்டும் மாத்த விட்டுப்போச்சு.”

“விட்டுப்போச்சா?”

“ஒரே ஒரு எண்ணு அண்ணி.”

“ஒரு பொண்ணோட கை, தம்பி.”

அவன் சற்று நேரம் மேசைமேல் இருந்த பேனாவை உருட்டினான். பிறகு, வாடிக்கையாளரிடம் பேசும் குரலுக்கு மாறினான்.

“கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. தப்பு கம்பெனி மேலன்னா உரிமம் போயிடும். இத்தனை குடும்பமும் தெருவுக்கு வரும், நம்ம குடும்பத்தையும் சேர்த்து. தப்பு ஒரு மெக்கானிக் மேலன்னா, அவர் சான்றிதழை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பாங்க. அவ்வளவுதான்.”

“ஒரு மெக்கானிக்கா? உன் அண்ணன்!”

“அண்ணன்கிறதாலதானே தைரியமாச் செஞ்சேன்? வெளியாளா இருந்தா இந்நேரம் கேஸ் போட்டிருப்பான்.”

இதைச் சொல்லும்போது அவன் குரலில் தடுமாற்றம் இல்லை. அண்ணனுக்கு மரியாதை செய்ததுபோலவே சொன்னான். அயலானை ஏமாற்றுவதற்கு அஞ்சுகிறவன், உடன்பிறந்தவனை ஏமாற்ற அஞ்சுவதில்லை. அவன் திருப்பி அடிக்கமாட்டான் என்பது தெரியும் அல்லவா? பாசத்துக்கு இதைவிடக் கேவலமான பயன்பாட்டை யார் கண்டுபிடிக்க முடியும்?

“ஒரு நாள் கைல கருவி இல்லாம அவர் உட்கார்ந்து பார்த்திருக்கியா நீ?” என்று கேட்டாள். “லீவு நாள்ல வீட்டுக் கதவுக் கீலைக் கழட்டி எண்ணெய் போடுற மனுஷன். நாளைக்கு எந்தக் கட்டடத்துல அவரை ஏத்துவாங்க? ‘அளந்துட்டு விட்டவன்’னு பேர் வந்தா அது எப்போ போகும்?”

“போயிடும் அண்ணி. ஜனங்க எல்லாத்தையும் மறந்துடுவாங்க.”

“இதுல என்னை ஏன்டா சேர்த்தே?”

“நீங்க பொய்யே சொல்ல வேண்டாம்” என்றான் அவன், பெரிய சலுகை வழங்குவதுபோல. “அந்தப் பக்கத்தை மூணு பிரதி எடுத்துட்டு வாங்க. ‘மெக்கானிக் போன்ல இருந்தது இதுதானா?’ன்னு கேட்பாங்க. ‘ஆமா, நான்தான் ஏத்தினேன்’னு சொல்லுங்க. உண்மைதானே அது?”

கட்டிய மனைவி வாயாலேயே கணவனைக் குற்றவாளியாக்க வேண்டும். அதிலும் ஒரு சொல் பொய்யாக இருக்கக்கூடாது. இப்படிக் கணக்குப் போட அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் எழுந்தாள். வெளியே வந்து, மாமனாருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. மறுமுனையில் நீண்ட மௌனம்.

“மாமா?”

“கேட்டுட்டுதான் இருக்கேன்மா. நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே. நான் பாத்துக்கறேன்.”

அவளுக்கு உடம்பே லேசாகிப்போனது. பெரியவர் இருக்கும்போது அநியாயம் எவ்வளவு தூரம் ஓடிவிடும்?

அச்சுப்பொறியின் முன் போய் நின்றாள். கொழுந்தன் கேட்டது ஒரு பக்கத்தின் மூன்று பிரதிகள். அவள் அந்த மின்தூக்கிக்கு உரிய எல்லாப் பக்கங்களையும் ஒரு பிரதி எடுத்தாள்.

*

கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் ஒரு கூட்ட அறை. அரசு மின்தூக்கி ஆய்வாளர் நடுவில் இருந்தார். ஐம்பது வயதை நெருங்கும் பெண்மணி; ஒரு கேள்வி கேட்டால் பதில் முடியும்வரை இமைக்காதவர். ஒரு பக்கம் பெரியவரும், சலவைச் சட்டையில் இளையவனும். எதிர்ப்பக்கம், கிரீஸ் பட்ட காலரோடு மூத்தவன் தனியாக. அவள் உள்ளே வந்தபோது அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க கையெழுத்துல ரெண்டரைன்னு இருக்கு” என்றார் ஆய்வாளர். “ஒழுங்கா அளந்திருக்கீங்க. அளந்துட்டு ஏன் மாத்தலை?”

“ரெண்டுக்குக் கீழ போனாத்தான் மாத்தணும்னு எங்க பக்கத்துல இருந்துச்சு மேடம்.”

இளையவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “அண்ணன் மாதிரி உழைப்பாளி கிடையாது மேடம். ஓயாத வேலை. களைப்புல வேற லிஃப்டோட பக்கத்தைப் படிச்சிருக்கலாம். மனுஷன்தானே? எங்க பக்கத்துல மூணுன்னுதான் இருக்கு. நீங்களே பாருங்க.”

தம்பி பரிந்து பேசப் பேச, அண்ணன் தலை தாழ்ந்துகொண்டே போயிற்று. வெளியார் யாரேனும் பார்த்திருந்தால் எவ்வளவு நல்ல தம்பி என்று சொல்லியிருப்பார்கள்.

“மெக்கானிக் போன்ல இருந்ததும் இதேதானா?”

“போன்ல ஏத்துறது அண்ணிதான். அவங்களே சொல்வாங்க.”

அவள் தாள்கட்டை மேசைமேல் வைத்தாள். இளையவன் அதன் கனத்தைப் பார்த்தான், புருவம் நெரிந்தது.

“இந்த லிஃப்டோட எல்லாப் பக்கமும் இதுல இருக்கு மேடம். வெப்சைட்ல இருக்கிறதை வாரவாரம் சனிக்கிழமை நான் பி.டி.எஃப். ஆக்கி எல்லார் போன்லயும் ஏத்துவேன். எடுத்த தேதி கீழ இருக்கும்.”

ஆய்வாளர் புரட்டினார். சனிக்கிழமை. சனிக்கிழமை. சனிக்கிழமை. விரல் நின்றது.

“இது மட்டும் ஏன் புதன்கிழமை?”

“செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணுக்கு அடிபட்டுச்சு. புதன்கிழமை காலைல, இந்த ஒரு பக்கத்தை மட்டும் மாத்தி ஏத்தச் சொன்னாங்க. ஏத்தினேன்.”

“யார் சொன்னது?”

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். “இவன்.”

“படம் மங்கலா இருந்துச்சு மேடம். அதுக்காகச் சொன்னேன்” என்றான் இளையவன் சட்டென்று.

“இப்பவும் மங்கலாத்தானே இருக்கு?” ஆய்வாளர் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பிறகு அவளிடம் கேட்டார்: “பழைய பக்கம் உங்ககிட்ட இருக்கா?”

“இல்ல. பழசை யாரும் வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தான். என் புருஷன் போன்ல இருந்ததையும் என் கையாலதான் அழிச்சேன்.”

“அதுல ரெண்டுன்னு இருந்துச்சா, மூணா?”

“நான் படிக்கலை மேடம். அத்தனை பக்கத்தையும் மாத்தி மாத்தி ஏத்துவேன். உள்ளே என்ன இருக்குன்னு ஒரு நாளும் படிச்சதில்ல. இவர் ரெண்டுன்னு சொன்னார். நான் நம்பலை.” அவள் குரல் உடைந்து மறுபடி நிமிர்ந்தது. “காலைல தம்பியே என்கிட்ட ஒத்துக்கிட்டான். நகல் எடுக்கும்போது விட்டுப்போச்சுன்னு சொன்னான். அப்பவே மாமாவுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன்.”

“அண்ணி, நடக்காததைச் சொல்லாதீங்க” என்றான் இளையவன்.

ஆய்வாளர் பெரியவர் பக்கம் திரும்பினார். அறையில் இருந்த எல்லாருமே திரும்பினார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவனும்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் தெரியாதும்மா. பசங்க பாத்துக்கறாங்க. மருமக போன் பண்ணினா. லைன் சரியில்ல. என்ன சொன்னான்னு காதுல விழலை.”

இரண்டு மாடிக்குக் கீழே ஓடும் மின்தூக்கியின் உருளையில் தேய்மானம் இருப்பதை ஓசையிலேயே சொல்லிவிடும் காது அது. அந்தக் காதை நம்பித்தான் ஒரு நிறுவனமே எழுந்தது. அதை இன்று அவர் பெற்ற பிள்ளைக்கு எதிராகச் செவிடாக்கிக்கொண்டார். எந்தப் பிள்ளையைக் காப்பது, எந்தப் பிள்ளையைக் கைவிடுவது என்று அவர் அந்த நீண்ட மௌனத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும். எதிர்த்துப் பேசாத பிள்ளையைக் கைவிடுவது எளிது.

மூத்தவன் “அப்பா” என்றான்.

ஆய்வாளர் தாள்களை அடுக்கிக் கோப்பினுள் வைத்தார்.

“யார் சொல்றது சரின்னு நான் இப்போ முடிவு பண்ணப்போறதில்ல. உங்க வெப்சைட்டை வச்சிருக்கிற கம்பெனிக்கு எழுதுறேன். அந்தப் பக்கம் எப்போ மாறிச்சு, முன்னாடி என்ன இருந்துச்சு, யார் பேர்ல உள்ளே போய் மாத்தினாங்க, எல்லாம் அவங்ககிட்டப் பதிவா இருக்கும். திங்கட்கிழமை தெரிஞ்சுடும். அதுவரைக்கும் யார் சான்றிதழையும் நான் நிறுத்தலை.”

புதன்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக மூத்தவன் தன் மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவளுக்கு அது போதுமாயிருந்தது.

*

கணவன் கையெழுத்திட உள்ளே நின்றான். அவள் வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தாள். இளையவன் வந்தான். கோபமாக வருவான் என்று எதிர்பார்த்தாள்; அவன் வருத்தப்படுகிறவனைப் போல வந்து, பக்கத்தில் நின்றான்.

“அவசரப்பட்டுட்டீங்களே அண்ணி.”

“எங்கிட்டப் பேசாதே.”

“பேசாம இருந்தா உங்களுக்குத்தான் நஷ்டம். அந்தப் பதிவு வரும்னு எனக்குத் தெரியாதா? இந்தத் தொழில்ல எத்தனை வருஷமா இருக்கேன்!”

அவள் திரும்பினாள்.

“வெப்சைட்டுக்குள்ள போற உங்க லாகின் நான்தானே வச்சுக் கொடுத்தேன்? பாஸ்வேர்டை நீங்க இன்னிவரைக்கும் மாத்தவே இல்ல.” அவன் தாழ்ந்த குரலில், கனிவாகச் சொன்னான். “பக்கத்தைத் திருத்தினது உங்க லாகின்லதான். நம்ம ஆபீஸ்ல, உங்க மேசையில உட்கார்ந்து. புதன்கிழமை நீங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. திங்கட்கிழமை வர்ற பதிவுல உங்க பேர்தான் இருக்கும். நீங்களே மாத்தி, நீங்களே பி.டி.எஃப். எடுத்து, நீங்களே அண்ணன் போன்ல ஏத்தி, பழசை நீங்களே அழிச்சிருக்கீங்க. மேடம்கிட்டயும் நீங்களே வாயால சொல்லிட்டீங்க.”

“தம்பி…”

“திங்கட்கிழமைக்கு முன்னாடி நீங்க போய், ‘கோபத்துல உளறிட்டேன்’னு எழுதிக் கொடுத்துட்டா, இதோட போயிடும். யோசிங்க.”

அவன் மின்தூக்கியை நோக்கி நடந்தான். பெரியவர் ஏற்கெனவே அதனுள் நின்றுகொண்டிருந்தார். கதவு மூடும்வரை அவர் மருமகளின் பக்கம் திரும்பவில்லை.

“வா, போலாம்.”

பின்னாலிருந்து வந்தது கணவனின் குரல். இரண்டு நாளுக்குப் பிறகு அந்தப் பழைய கனிவு! “நீ ஏதாவது சாப்பிட்டியா? முகமெல்லாம் வாடிக்கிடக்கு. போற வழியில ஏதாவது சாப்பிட்டுட்டுப் போலாம்.”

அவன் மின்தூக்கியின் பொத்தானை அழுத்தக் கை நீட்டினான்.

“வேண்டாங்க. படியில போலாம்.”

“நாலு மாடி.”

“பரவாயில்ல. பேசணும்.”

இறங்கத் தொடங்கினார்கள். அவன் தோள் அவள் தோளில் இடித்தது, அவன் விலகவில்லை. அவன் பேசிக்கொண்டே வந்தான். உள்ளே அவள் பேசியதை வரி வரியாகத் திருப்பிச் சொன்னான். காலையில் காப்பியை அப்படியே விட்டு வந்ததற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டான். நல்ல செய்தியைக் கேட்ட சிறுபிள்ளையைப் போல, “திங்கட்கிழமை வரட்டும். யார் மாத்தினான்னு பேரோட வந்துடும்ல? அப்போ தெரியும்” என்றான்.

இந்த மகிழ்ச்சியை இன்னும் இரண்டு நாள் அவனுக்கு விட்டுவைக்கலாம். சொல்லாமல் இருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லாமல் இருந்ததால்தான் இந்த நிலை வந்தது. அவர்களுள் ஒருத்தியாக அவள் இருக்கப்போவதில்லை.

“திங்கட்கிழமை ஒரு பேர் வரும்” என்றாள், நடந்துகொண்டே. “அது என் பேராத்தான் வரும். தம்பி என் லாகின்ல உள்ளே போய் மாத்தியிருக்கான். இப்பத்தான் அவனே சொல்லிட்டுப் போனான். நீங்க என்னை நம்பணும்.”

இன்னும் சில படிகள் இறங்கிய பிறகே, தன் காலடி ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை என்பதை உணர்ந்தாள். அவன் மேலேயே நின்றுவிட்டிருந்தான்.

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்பதை அவள் அறிவாள். புதன்கிழமை இரவு, கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்ற அவனுக்கு அவள் காட்டிய முகம் அது.